துப்பாத மிடறு

திரியெஸ்தே துறைமுகத்தில் எனக்கு வேலை
காபியைத் துப்புவது.

சிரிக்காதீர்கள். சம்பளம் உண்டு, காப்பீடு உண்டு,
இடுப்புயரத்துக்கு ஒரு பித்தளைப் படிக்கம் உண்டு.
வட்ட மேசை சுழலும், அதில் முப்பது கிண்ணம்.
கரண்டியில் அள்ளி, சீழ்க்கை மாதிரி உறிஞ்சி,
அண்ணத்தில் தெளித்து, ஒரு நொடி நிறுத்தி,
துப்பு.
சாந்தோஸ்: வறுத்த கடலை. துப்பு.
சிடாமோ: எலுமிச்சைத் தோல். துப்பு.
இந்த மூட்டை மழையில் நனைந்திருக்கிறது,
கப்பல்காரன் சத்தியம் பண்ணுகிறான் இல்லையென்று. துப்பு.
முப்பத்தொரு வருடம்.
ஒரு நாளைக்கு இருநூறு மிடறு,
உள்ளே இறங்கியது ஒன்றுமில்லை.

முதுகு பிடித்துக்கொண்டதால்தான் யோகாவுக்குப் போனேன்.
உல்தெரீக்கோவின் காபிக் கடைக்கு நேர் மேலே ஒரு கூடம்.
மிர்னா, எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து
முதல் பேருந்தில் வருகிறவள்,
"காபியை விட்டுவிடுங்கள் நெரீனா" என்றாள் எடுத்த எடுப்பில்.
"என்றைக்கு விழுங்கினேன், விடுவதற்கு?" என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.

ஆனாலும் விதி விதிதான்.
பாயைச் சுருட்டும்வரை வெந்நீர் மட்டும்.
நெற்றிப்பொட்டில் யாரோ ஆணி அடிப்பார்கள்,
அதையும் கவனி என்பாள்.
கவனித்தேன். நல்ல ஆணி.

மூக்கு நுனியில் மனதை நிறுத்துங்கள் என்பாள்.
என்னிடம் போய் அதைச் சொல்வது
திருடன் கையில் சாவி கொடுத்த கதை.
வெளிமூச்சில் நேற்றைய சிடாமோ வரும்,
பக்கத்துப் பாய்க்காரியின் சலவைத்தூள் வரும்,
ராத்திரி அவள் வறுத்த மத்தி மீன் வரும்.
கழுகுக்கு வியர்க்கிற மூக்கு.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
போரா அடித்துக்கொண்டிருந்தது, எங்கள் ஊர்க் காற்று.
மேட்டிலிருந்து இறங்கிவந்து
தெருவோர மோட்டார் சைக்கிள்களுக்குச்
சவாசனம் சொல்லிக்கொடுக்கும்.
நாங்களும் படுத்தோம்,
உள்ளங்கை விரித்துப் பன்னிரண்டு பிணங்கள்.

ஆறு இருபதுக்குத் தரைப்பலகை இடுக்கில்
வழக்கம்போல் ஏறி வந்தது வாசனை.
வழக்கம்போல் இல்லை.
அதே வறுவல், அதே இயந்திரம்,
தூளை அழுத்திய கை வேறு.
உல்தெரீக்கோ தோளைச் சாய்த்து அழுத்துவான்.
இது மணிக்கட்டு. பயந்த மணிக்கட்டு.
தண்ணீர் அவசரமாய்ப் புகுந்து ஓரம் கசந்திருக்கிறது.

"எண்ணம் வந்தால் மேகம்போல் போகவிடுங்கள்."
போரா அடிக்கிற ஊரில் எந்த மேகம் நிற்கும்?
இது நின்றது.

பிணங்களைத் தாண்டி
வெறுங்காலோடு இறங்கினேன்.

கல்லாவுக்குப் பின்னால் அவன் மகள் ஃபெதோரா,
பல் வைத்தியரிடம் கணக்கு எழுதுகிறவள்.
அப்பாவின் ஏப்ரனை உடம்பில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள்.
நேற்று ராத்திரி, பத்து மணிக்கு மேல், என்றாள்.
வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள்,
எனக்கு உட்கார வரவில்லை, என்றாள்.
என் காலைப் பார்த்தாள். கேட்கவில்லை.
ஒரு கோப்பையை நகர்த்தினாள்.

கருகல். காரக் கசப்பு. கடைசியில் கொஞ்சம் ரப்பர்.
என் மேசைக்கு வந்திருந்தால் நூற்றுக்கு முப்பது.
நாக்கு பழக்கத்தில் அதை உதட்டுப் பக்கம் தள்ளியது.
கண் படிக்கத்தைத் தேடியது.

விழுங்கினேன்.

தொண்டையைத் தாண்டி, மார்புக்கூட்டின் உள்பக்கமாய்,
மூச்சைத் தவிர நான் எதையும் பின்தொடராத வழியில்
சூடு இறங்கிப் போனது.
சொல்லிக்கொடுத்தபடியே கவனித்தேன்.
இன்னொன்று, என்றேன்.

அதற்குள் படியில் காலடி. மிர்னா,
ஒரு கையில் என் சப்பாத்து, மறு கையில் என் கோட்டு.
இரண்டு முகங்களையும் பார்த்தாள், கோப்பையைப் பார்த்தாள்,
முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.
"எனக்கும்" என்றாள்.

ஃபெதோரா தூளை அள்ளினாள்.
மணிக்கட்டு வேண்டாம், தோளைச் சாய் என்று
வாய்வரை வந்தது.
அதையும் விழுங்கினேன்.
காற்று கதவை உதைத்துக்கொண்டே இருந்தது.